ஒத்திகைத் தம்பதி

"புருஷன் பொண்டாட்டி இவ்வளவு தள்ளியா நிப்பாங்க? நடுவுல லாரியே போகும் போலிருக்கே."

சூப்பர்வைசர் சொன்னதும் வரவேற்பறையே சிரித்தது. எலெக்ட்ரீஷியன் அரை அடி நகர்ந்து நின்றான். பக்கத்தில் நின்ற ஹவுஸ்கீப்பிங் பெண் குனிந்த தலை நிமிராமல், மணிக்கட்டில் கட்டியிருந்த நீலப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடலை ஒட்டிய அந்தப் புது ரிசார்ட்டுக்கு நாளை மறுநாள் திறப்பு விழா. அறை, சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். கையில் நீலப் பட்டை இருந்தால் போதும், பர்ஸைத் தொட வேண்டாம். அதற்குத்தான் இன்றைக்கு ஒத்திகை. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஊழியர்களில் பாதிப் பேர் விருந்தாளி ஜோடிகள் ஆனார்கள், மீதிப் பேர் அவர்களை உபசரித்தார்கள்.

கல்யாணம் ஆகாதவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கிற கம்பெனி அது. சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஆண்கள் விடுதி ஒரு கோடி, பெண்கள் விடுதி மறு கோடி, நடுவில் வேலி, வேலிக்கு ஒரு காவலாளி. அப்படிப்பட்டவர்களைப் பிடித்து ஜோடி ஜோடியாக நடிக்கச் சொன்னால் வேறு எப்படி இருக்கும் என்று சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்தது.

"சாருக்கு ஒத்துக்காத சாப்பாடு ஏதாவது இருக்கா மேடம்?" கவுண்ட்டரில் இருந்தவள் பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டாள். மற்ற ஜோடிகள் இந்தக் கேள்விக்குத் திருதிருவென்று முழித்தார்கள்.

"எறா ஆகாது. சாப்பிட்டா கழுத்தெல்லாம் தடிச்சிடும்" என்றாள் இந்தப் பெண், பட்டென்று.

சூப்பர்வைசர் அவள் பேருக்கு நேரே பத்துக்குப் பத்து போட்டாள். நடித்தால் இப்படி நடிக்க வேண்டும்.

சூப்பர்வைசருக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அங்கே வேலை பார்த்த எல்லாரையும்போல அவளும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவள்தான். முதல் தடவையாக ஒரு இடத்தை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

மத்தியானம் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாடியில் ஓர் அறைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. கதவைத் தட்டிய கையோடு திறந்துவிட்டாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. எலெக்ட்ரீஷியன் எதிரே மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்திருந்தான். சூப்பர்வைசரைப் பார்த்ததும் ஷாக் அடித்தவன்போலக் கையை உதறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

சூப்பர்வைசருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் முதன்முதலில் வேலை பார்த்த ஓட்டலில், துணி அடுக்குகிற அறையில், அவளும் ஒருநாள் ஒருத்தனிடம் மாட்டிக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்து அழுதாள். எட்டிப் பார்த்த மேலாளர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இவள் கதவைச் சாத்தவில்லை. அவனைக் கையோடு ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவ ஏன் அழுதா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கையப் புடிச்சியா இல்லையா?"

"புடிச்சேன் மேடம்."

ஒரு சமாதானம் சொல்லவில்லை, கெஞ்சவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று சூப்பர்வைசர் அங்கேயே உத்தரவை அடித்தாள். கம்பெனிக்கு இன்னொரு ஓட்டல் இருந்தது, கப்பலில் இரண்டு நாள் தூரத்தில். ஒப்பந்தம் முடிகிறவரை, இன்னும் இரண்டு வருஷம், அங்கேதான் வேலை. ஐந்து மணிக்கு வேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்டவன் வாசலில் தயங்கினான். "அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

செய்வதையும் செய்துவிட்டு அக்கறை வேறு. "அந்தக் கவலை உனக்கு வேணாம். கிளம்பு."

சேதி காதில் விழுந்து அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் ஆபீஸுக்கு ஓடிவந்தாள். அவர்மேல் தப்பே இல்லை, வீட்டு ஞாபகத்தில் நானாகத்தான் அழுதேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தவள், மேஜையைச் சுற்றி நின்ற நாலைந்து பேரைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

பயந்த பெண்கள் இப்படித்தான் சொல்லுவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாதா? "நான் இருக்கேன்டி. இனிமே உன் பக்கமே அவன் வர முடியாது" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஐந்து மணிக்கு வேன் போனது. அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட் மூடிய பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்டம் தப்பிய நிம்மதி என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம் பெண்கள் விடுதிக்கு அவளே நேரில் போனாள். கையில் நல்ல சேதி இருந்தது. ஒத்திகையில் அவ்வளவு இயல்பாகப் பேசியவளை இனி கக்கூஸ் கழுவவா விடுவது? நாளையிலிருந்து வரவேற்பு கவுண்ட்டர். மேலிடத்தில் பேசி முடித்துவிட்டாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். ஊரோடு பேசுகிறாள், பேசட்டும், மனசு லேசாகும் என்று சூப்பர்வைசர் படியிலேயே நின்றாள்.

போனுக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது.

"இன்னைக்கு ஒரே ரூம்ல இருப்போம்னு சொன்னியே, அப்பா எங்கம்மா?"