பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்

மாமனார் வீட்டில் சிக்னல் இல்லாததால், சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார் இயற்பியல் பேராசிரியர் தரணிதரன்.

“செத்த உக்காருங்க. மெயில் வர்றப்ப வரட்டும்,” என்றாள் மனைவி வித்யாஸ்ரீ.

“ரெண்டு வருச உழைப்பு வித்யா. என் கட்டுரை அந்த ஆராய்ச்சி இதழ்ல வந்தாத்தான் ப்ரமோஷன். இந்த விஷயத்துல நாட்டுலயே ஆராய்ச்சி பண்றது நான் ஒருத்தன்தான், தெரியுமா?”

மெயில் வந்தது. அவர் முகம் சிவந்தது.

“வேண்டாம்னுட்டானுங்க! எழுதினது யாருன்னு தெரியக்கூடாதுன்னு, பேரை மறைச்சு இன்னொருத்தருக்கு அனுப்பிக் கருத்துக் கேப்பாங்க. எவனோ ஒரு சோம்பேறி படிக்காமயே எழுதியிருக்கறான். ‘புதிதாக ஒன்றுமில்லை. கட்டுரையாளருக்கு அடிப்படையே தெரியவில்லை.’ இவனெல்லாம் ஒரு அறிஞன்!”

வித்யாஸ்ரீ போனை வாங்கிப் பார்த்தாள்.

“ஏனுங்க, போன மாசம் பஸ்ஸுல மலையேறறப்ப, இதே இதழ்லருந்து பேரில்லாத கட்டுரை ஒண்ணு உங்க கருத்துக்கு வந்துச்சே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“கொண்டை ஊசி வளைவுல போனைப் பாத்தாக் குமட்டுதுன்னு, அதைத் திறக்காமயே பதில் சொன்னீங்க. நான்தானுங்க டைப் பண்ணுனேன். இதே ரெண்டு வரிதான்.”

வளைவே இல்லாத சோளக்காட்டில் தரணிதரனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.