திருப்பித் தாண்டு

“தூங்குற பிள்ளைகளைத் தாண்டிட்டியே, இனி அதுங்க எப்படிடா வளரும்?” என்று கோழி கத்திய கத்தலில் பூங்காவே திரும்பிப் பார்த்தது. தாவிப் பழக ஓடிவந்த வேகத்தில் குஞ்சுகளைத் தாண்டி மதில்மேல் ஏறியிருந்த வெள்ளாடு கீழே எட்டிப் பார்த்தது. காவல் நாய் வேறு எழுந்துவிட்டது. அது ஒரு குரல் குரைத்தால் இன்றோடு மதிலும் போச்சு, தாவலும் போச்சு.

‘நடுவழியில் யார் படுக்கச் சொன்னது?’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு ஆடு இறங்கி வந்தது.

“தப்புதான்க்கா. இதோ, திருப்பித் தாண்டிடறேன்.” குஞ்சுகளை வந்த வழியே பதமாகத் தாண்டியது.

“ம்க்கும், இந்த மரியாதை முதல்லயே இருந்திருக்கணும்” என்று கோழி சிலிர்த்த இறகை அடக்கியது. நாயும் உட்காரப் போனது.

அதற்குள் கடைக்குட்டிக் குஞ்சு எழுந்து ஆட்டின் காலடிக்கு ஓடி வந்தது.

“மாமா, எனக்கும் மதில் தாண்டச் சொல்லிக்குடுங்க.”

ஆடு கோழியைப் பார்க்க, கோழி நாயைப் பார்த்தது.

“சொல்லிக்குடுங்களேன், மாமா.”