பால்கனிக் கம்பி

“கம்பி அடியில போதும்னு சாஃப்ட்வேர் சொல்லிச்சில்லா—” “மேல வேணும் சிஜோ, மேல!” “சும்மா இரி பிள்ளே, மிக்சர் சுத்தத் தொடங்கியாச்சு!” குழித்துறையில் தங்களுக்கென்று கட்டும் வீட்டின் பால்கனிப் பலகைமேல் நின்று சண்டை போடுகிறார்கள், ஒரே வகுப்பில் பொறியியல் படித்த சிஜோவும் அவன் மனைவி அபினாவும். கீழே கான்கிரீட் உருள்கிறது; வேலையாட்கள் சட்டியோடு நிற்கிறார்கள். சிஜோவின் மடிக்கணினித் திரையில் பால்கனி, எல்லாம் சரி என்று பச்சையாக ஒளிர்கிறது. அபினா தேநீரோடு வந்த ஏத்தன் வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்து, பாதியைக் கைக்குள் இறுக்கி, வெளியே நீளும் நுனியை ஒரு விரலால் அழுத்துகிறாள். முஷ்டியை ஒட்டி மேல்தோல் பிளந்து மஞ்சள் சதை தெரிகிறது. அடித்தோல் சுருங்குகிறது, கிழியவில்லை. “கிழியுற எடத்துல கம்பி வேணுமா, சுருங்குற எடத்துலயா? திருநாளுக்குத் தேர் வரும்ப ஒனக்க அம்மை இதுலதான் நிப்பா.” சிஜோ பழத்தைப் பார்க்கிறான், திரையைப் பார்க்கிறான். பிறகு கீழே குனிந்து, “மிக்சர நிறுத்துங்க அண்ணே” என்கிறான். சத்தம் அடங்குகிறது. அவள் பழத்தை உரித்துப் பாதியை அவன் வாயில் திணிக்கிறாள். “கார் திரும்பாதுன்னு, பால்கனியத் தாங்க முன்னால உள்ள தூண வேண்டாம்னு வச்சமே, அத கம்ப்யூட்டருக்குச் சொன்னியா மக்கா?”