நீலத்தாழையின் தாய்வழி
மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அக்கா படுத்திருக்கிறாள். பதினோரு மணி வெயில் அவள் முழங்காலில் விழுந்து கிடக்கிறது. நர்ஸ் மூன்றாவது முறையாக அவள் கையைத் தட்டி நரம்பைத் தேடுகிறாள். அக்கா மறு கையால் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். பக்கத்தில் தங்கை, மடியில் அட்டை பிய்ந்த ஒரு தடித்த புத்தகம். பந்தயக் குதிரைகளின் வம்சாவளி. தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அக்கா படிப்பது இதைத்தான். ஒரு பந்தயத்திலும் பணம் கட்டியதில்லை. எந்தக் குதிரை யாருக்குப் பிறந்தது என்று தெரிந்தால் அவளுக்குப் போதும். "குதிரைக்குச் சம்பந்தம் பேசப் போறியா?" என்று நாற்பது வருஷமாகக் கேலி செய்த தங்கைதான் இன்று தடுமாறித் தடுமாறி வாசிக்கிறாள். "சாம்பல் ராணி. அப்பா கோடை இடி. அம்மா வெண்முத்து." "வரி மாறிட்டியேடி, வெண்முத்து அவளுக்குச் சித்தி," கண்ணை மூடியபடியே அக்கா திருத்துகிறாள். "அம்மா நீலத்தாழை. ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. ஓடினதுல எல்லாம் கடைசிதான், ஆனா பெத்த மூணும் புயல்." சொல்லச் சொல்லப் பிடி தளர்கிறது, நெற்றி தெளிகிறது. ஊசி ஏறியதை அவள் கவனிக்கவே இல்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, பக்கங்கள் புரள்கின்றன. வெயில் முழங்காலை விட்டுத் தரைக்கு நகர்ந்துவிடுகிறது. "முடிஞ்சிடுச்சும்மா, நீங்க கிளம்பலாம்," என்கிறாள் நர்ஸ். அக்கா காலால் செருப்பைத் துழாவுகிறாள். தங்கை ஒரு வரியில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு நிமிர்கிறாள். "கொஞ்சம் இருங்க சிஸ்டர். இந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணுன்னு பார்த்துட்டு வந்துடறோம்."