மூன்றாம் பருவம்

வேனெர்ன் ஏரிக்கரைக் காலை வெயில் ஆய்வுமேசையில் விழுகிறது. உடைத்தால் நாறும் சுண்ணாம்புப் பாறையான நாற்றக்கல்லை அமிலத்தில் கரைத்த மிச்சத்திலிருந்து, ஐம்பது கோடி வருடப் பழைய, கல்லாகிப்போன மணலளவு கடற்பூச்சிக் குஞ்சுகளைக் குன்வோர் தூரிகையால் பொறுக்குகிறாள். வளர்ச்சிப் பருவ வரிசைப்படி அவற்றை ஒட்டிய பெட்டியில் மூன்றாவது கட்டம் மட்டும் ஒன்பது வருடமாகக் காலி. "சிக்ஸ்டன், ஓடி வா! மூணாவது! வால் முளைச்சிருக்கு!" கூட்டாளி வந்து நுண்ணோக்கியில் குனிகிறான். "எங்கே? வெறும் தட்டுதான் இருக்கு." குன்வோர் தூரிகையைக் காட்டித் தன் வாயைத் தொடுகிறாள். கத்திய பரபரப்பில், பூச்சி ஒட்டிய தூரிகையை வழக்கம்போல நாக்கில் வைத்துக் கூராக்கிவிட்டிருக்கிறாள். "விழுங்கிடாதே! நாக்கை நீட்டு!" என்கிறான் சிக்ஸ்டன். அவள் தன் தாடையை நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறாள். விளக்கொளியில் நாக்கு பளபளக்கிறது. "இருக்கு குன்வோர், இருக்கு! உன் எச்சில்ல நீந்துது!" சிக்ஸ்டன் மூச்சடக்கித் தன் தூரிகையால் அதைத் தொட்டெடுக்கிறான். எடுத்த சந்தோஷத்தில் தூரிகை அவன் வாயை நோக்கிப் போகிறது. நீட்டிய நாக்கோடு குன்வோர் பாய்ந்து அவன் மணிக்கட்டை இரு கையாலும் பிடிக்கிறாள்.