ஞானசெல்வி டீச்சரின் காலை நடை

கணபதியப்பன் தன் மணிக்கட்டிலிருந்த ரோஸ் நிற வார் போட்ட கடிகாரத்தைக் கழற்றி, வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்த ஞானசெல்வி டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஆறாயிரத்து இருநூறு ஸ்டெப்.

இன்றைக்கும் டீச்சர் நன்றாகவே நடந்திருந்தார்.

கடிகாரம் டீச்சரின் மகள், குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஷெர்லி வாங்கி அனுப்பியது. அம்மா எத்தனை ஸ்டெப் நடக்கிறாள் என்று அங்கே அவள் போனில் தெரிந்துவிடும். நடை குறைந்தால் உனக்கு முடியவில்லை என்று அர்த்தம், உடனே திருவனந்தபுரத்தில் நர்ஸ்மார் கூடவே இருக்கிற இல்லத்துக்கு மாற்றிவிடுவேன் என்று அனுப்பும்போதே சொல்லிவிட்டாள்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள் டீச்சரின் வலது முட்டு மக்கர் பண்ணியது. நாலு எட்டு வைத்தால் நாற்காலி தேடியது.

வேளிமலை அடிவாரத்து இந்த முதியோர் குடியிருப்பில் கணபதியப்பன் பக்கத்து வீட்டுக்காரர். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் கால்வாய்க் கரைகளை நடந்தே அளந்தவர். எழுபத்தொரு வயதிலும் கால் சும்மா இருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தேதான், அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் போய்விட்டால் அவருக்குத் தாங்காது. உண்மை அதுதான்.

மனைவி உலகம்மை இறந்தபின் இங்கே வந்தவர். மூன்று பங்குனி வந்து போயின. எது பூத்தது, எது காய்த்தது என்று அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

இந்தப் பங்குனியில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. நடந்துவிட்டுத் திரும்பியதும் டீச்சர் பரீட்சை வைப்பார். குளத்தங்கரைக் கொன்றை எத்தனை கொத்து விட்டிருக்கிறது? மாங்காய் நெல்லிக்காய் அளவா, எலுமிச்சை அளவா? அறுத்துப்போட்ட வயலில் கொக்கு இறங்கியதா? பதில் சொல்லத் தெரியாவிட்டால் நாளைக்குப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஆகவே கணபதியப்பன் எல்லாவற்றையும் நின்று பார்த்தார். பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் பார்ப்பதிலும் ஒரு ருசி.

வெயில் ஏறுமுன் கிளம்புவார். குளத்தைச் சுற்றிக்கொண்டு போய், பிள்ளையார் கோயில் வாசலில் தேய்ந்த ரப்பர் செருப்பை உதறிவிட்டு மூன்று சுற்று. பிறகு வயல் வரப்பு, மாந்தோப்பு, வீடு. வரும்போது வேட்டி மடிப்பில் இரண்டு மாங்காயோ, முந்திரி மரத்தடியில் பொறுக்கிய ஒரு கொல்லாம்பழமோ இருக்கும். தவக்காலத்துக்காக மீனை விட்டிருந்த குளச்சல்காரியான டீச்சர், அந்த மாங்காயை உப்பும் வத்தல்பொடியும் தொட்டு, மீனை மறக்கிற வேகத்தில் தின்பார்.

இன்று மாங்காயை வைக்கப் போன இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஷெர்லியோடு வேலை பார்க்கும் ரெனிஷா லீவில் வந்தவள், காலையில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

கணபதியப்பன் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். போன தடவை இப்படி வந்த பெட்டியில்தான் கடிகாரம் இருந்தது. இந்தத் தடவை என்ன எமனோ!

டீச்சர் பெட்டியைப் பிரித்தார்.

ஷூ. நடப்பதற்கென்று போடுகிற நல்ல கறுப்பு ஷூ. ஒன்பதாம் நம்பர். டீச்சரின் பாதம் அஞ்சைத் தாண்டாது.

“இந்தப் பிள்ளைக்கு என்ன வந்துது சாரே? அம்மைக்கக் கால் அளவுமா மறந்து போச்சு?”

டீச்சர் சிரிக்கத்தான் செய்தார். ஆனாலும் முகம் ஒரு நொடி வாடியது. கணபதியப்பனுக்குப் பாவமாக இருந்தது. பாவம் ஒருபக்கம் இருக்க, அவர் கண் ஷூவைவிட்டு நகரவில்லை. அவர் கால் எட்டரை.

டீச்சர் அதைக் கண்டுகொண்டு பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். கணபதியப்பன் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் வலது கால் உள்ளே போய்விட்டது. மெத்தென்று இருந்தது.

இடது காலை நுழைத்தபோது பெருவிரலில் என்னமோ இடித்தது. எடுத்துப் பார்த்தார். நாலாக மடித்த காகிதம். வாங்கிப் பிரித்த டீச்சர், ஷெர்லியின் கையெழுத்து என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கவே வாசித்தார்.

‘அம்மா, முட்டு வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? திங்கக்கிழமை முதல் பிசியோதெரபிக்கு ஆள் அங்கயே வரும். நீ எங்கயும் போகாண்டாம்.’

கணபதியப்பன் திருடனைத் தேள் கொட்டினதுபோல, ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமனேயுமாக நின்றார்.

டீச்சர் மேலே வாசித்தார்.

‘ஷூ உனக்கில்ல. கொன்னப்பூவு, மாங்கான்னு தினமும் போன்ல நீ வாய் ஓயாம சொல்லுவியே, அந்த சாருக்கு. அளவு குத்துமதிப்புதான். எனக்க போன்ல எத்தன ஸ்டெப்புன்னு மட்டுமில்ல, நடந்த வழியும் மேப்பில தெரியும். கோயில் வாசல்ல கழத்திப் போட்டா களவு போயிரும். ஒரு பையில போட்டுக் கையில வச்சுக்கிடச் சொல்லு.’

டீச்சர் காகிதத்தைப் பழையபடி நாலாக மடித்தார். கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடிக்கு மேலாக கணபதியப்பனைப் பார்த்தார்.

“தவக்காலம் முழுக்க என்னயப் பிள்ளையாரச் சுத்தவா வச்சிய சாரே?”