உள்மடிப்பு

போர் தொடங்கியதிலிருந்து அந்தக் கல்லூரியில் காலையில் வணிகவியல், மாலையில் அணிவகுப்பு. கடைசித் தேர்வை எழுதிய கையோடு பையன்கள் ராணுவ அதிகாரிகளாக எல்லைக்கு ரயிலேறினார்கள். வத்தல் மண்டி தவசிலிங்கத்தின் மகன் ராஜகனிக்கும் சீருடை தைக்கும் நாள் வந்தது. துணியும் அரசாங்கம், தையல்கூலியும் அரசாங்கம். பேரம் பேச ஒன்றுமில்லாத கடையில் நிற்பது தவசிலிங்கத்துக்கு வேட்டியில்லாமல் நிற்பது போலிருந்தது. சிக்கந்தர் பாய் பையனை அளவெடுத்து, மேஜையில் விரித்த கால்சட்டைத் துணியில் சாக்கட்டியால் கோடு கிழித்ததும்தான் அவருக்கு வாய் திறக்க வழி கிடைத்தது.

"பாய், கீழ நாலு விரக்கடை உள்ள மடிச்சுத் தைங்க. வளர்ற பய. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கிடலாம்."

"ஆபீசர் உடுப்புக்கு மடிப்பு விடுறதில்ல அண்ணாச்சி."

"ஏன், துணி பத்தலையா?"

"துணி கெடக்கு. பிரிச்சு விடுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வரல."

ராஜகனி சிரித்தான். "விடுங்கப்பா, கிளாசுக்கு நேரமாச்சு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

படியாத பேரத்தை விட்டுவிட்டு எந்தக் கடையிலிருந்தும் இறங்கியவரல்ல தவசிலிங்கம்.

"மூணு விரல்" என்றார்.

பாய் கத்தரியை எடுத்தார்.

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ரெண்டு."

பாய் அவர் முகத்தைப் பார்க்காமல் துணியை இழுத்துச் சரிசெய்தார். தவசிலிங்கம் கோட்டுக்குக் கீழே தன் உள்ளங்கையை விரித்து அழுத்தி வைத்துக்கொண்டார். திறந்த கத்தரி அவர் விரல்களுக்கருகே வந்து நின்றது.

"ஒரே ஒரு விரல், பாய்."